நாலு நாற்காலி கம்பெனி

அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அக்கவுண்ட்ஸ்" என்றாள்.

மறுமுனையில் கிளினிக் கம்பெனியின் பர்சேஸ் டிபார்ட்மெண்ட். அந்த அம்மாள் பேசினால் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பிடிக்க வேண்டும்.

"ஏங்க, எங்க புது கிளினிக் கட்டடப் படத்துல மாடிப்படியை இடது பக்கம் போட்டிருக்கீங்களே? எங்க சேர்மன் வலது பக்கம் வேணுங்கறாரு. மாத்தி அனுப்பிடுங்க. இதுக்கெல்லாம் தனியா பில்லு கில்லு போட மாட்டீங்கல்ல?"

"இடது பக்கம் போடச் சொன்னதே உங்க சேர்மன்தாங்க. அதுக்கு முன்னாடி வலது பக்கம்தான் இருந்தது."

"அது அப்ப. இது இப்ப."

"அதை நான் முடிவு பண்ண முடியாதுங்க. காண்ட்ராக்ட்ஸ்ல பேசுங்க, லைன் குடுக்கறேன்."

அக்கா போனை மேஜைமேல் வைத்தாள். மூக்கை விட்டாள். சுழல் நாற்காலியிலிருந்து எழுந்து பக்கத்திலிருந்த மர நாற்காலிக்கு மாறினாள். கைக்குட்டையை மடித்து வாயருகே வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினாள்.

"காண்ட்ராக்ட்ஸ்." பீரோவை நகர்த்துகிற மாதிரி வந்தது குரல்.

"சார், வணக்கம் சார்." பர்சேஸ் அம்மாளின் சத்தம் பாதியாக இறங்கிவிட்டது.

"முதல் படத்துக்கு ரெண்டு மாற்றம்னு பேச்சு. ரெண்டும் முடிஞ்சாச்சு. இனிமே மாத்தினா தனிக் கட்டணம். எழுத்துல அனுப்புங்க. வேற?"

"இல்ல சார்... படி இடது பக்கமே இருக்கட்டும் சார்."

போன் வைக்கப்பட்டது. கம்ப்யூட்டர் முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த படம் வரைபவர் இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிட்டார். அவருக்கு ஆஃபீஸில் 'ரப்பர்' என்று பெயர். காகிதத்தில் வரைந்த காலத்திலிருந்தே அவர் போட்டதைவிட அழித்தது அதிகம்.

"அக்கா, நீங்க நல்லா இருக்கணும். அந்தப் படியை இன்னொரு தடவை தூக்கியிருந்தா நானே அதுல இருந்து குதிச்சிருப்பேன்" என்றார். அவர் அக்காவைவிட மூத்தவர். ஆனால் அந்த ஆஃபீஸில் எல்லாருக்கும் அவள் அக்காதான்.

உண்மையில் அக்கா ஒருவனுக்குத்தான் அக்கா. அவன்தான் முதலாளி, ஆர்க்கிடெக்ட். அவனைப்பற்றி ஒரு குறை சொல்ல முடியாது, அதாவது கட்டட விஷயத்தில். வெற்று மனையில் போய் நின்று, "இந்த மூலையில ஒரு பாட்டி உக்காந்து பேப்பர் படிக்கலாம், எட்டு மணி வெயில் பேப்பர் மேல விழும், கண்ணுல விழாது" என்பான். வீடு கட்டி முடித்தபின் போய்ப் பார்த்தால் அப்படியேதான் விழும். இப்படி ஒரு கை ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வாய்க்கும்.

தொழில் விஷயம் வேறு. ஃபீஸ் எவ்வளவு என்று யாராவது கேட்டால் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "பார்த்துக் குடுங்க" என்பான். அவர்கள் நன்றாகப் பார்ப்பார்கள்; கொடுக்க மாட்டார்கள். சமையலறையை வாசலுக்கும் வாசலைக் கொல்லைக்கும் மாற்றச் சொன்னாலும், "பரவாயில்லை, மாத்திடலாம்" என்பான். இந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு மனிதன் ஒரு கம்பெனி நடத்தினான் என்றால் அதுவே ஒரு சாதனைதான்.

அக்கா போன் எடுக்க ஒரு வாரம் மட்டும் ஒத்தாசைக்கு வந்தவள். வந்த வாரத்தில், சின்ன ஆர்க்கிடெக்ட் ஆஃபீஸ்களுக்கு நிர்வாகம் சொல்லிக்கொடுக்கும் ஒரு நாள் வகுப்புக்குத் தம்பி பணம் கட்டியிருந்தான். அன்றைக்குப் பார்த்து ஐயா ஏதோ ஒரு சுவரின் நிழலைப் பார்த்துக்கொண்டு சைட்டில் நின்றுவிட்டார். கட்டின பணம் வீணாகிறதே என்று வயிறெரிந்து, அவனுக்குப் பதிலாக அக்கா போய் உட்கார்ந்தாள்.

வகுப்பெடுத்தவர் சொன்னார்: "எவ்வளவு சின்ன ஆஃபீஸா இருந்தாலும் அதுக்குள்ள நாலு நாற்காலி இருக்கு. வேலை பிடிக்கறது ஒண்ணு. என்ன செய்வோம், என்ன செய்யமாட்டோம்னு ஒப்பந்தம் பேசறது ஒண்ணு. பணம் ஒண்ணு. ஆட்களைப் பார்த்துக்கறது ஒண்ணு. நாலுலயும் ஒரே ஆள் உக்காரலாம், தப்பில்லை. ஆனா எதுல உக்காந்திருக்கோம்னு தெரியாம வாயைத் திறக்காதீங்க."

மற்றவர்கள் இதைக் குறித்துக்கொண்டு போனார்கள். அக்கா ஆஃபீஸுக்கு வந்து நாலு நாற்காலி போட்டாள். சுழல் நாற்காலி அக்கவுண்ட்ஸ். மர நாற்காலி காண்ட்ராக்ட்ஸ். பிளாஸ்டிக் நாற்காலி ஹெச்.ஆர். உயரமான ஸ்டூல் மார்க்கெட்டிங்.

முதலில் ரப்பர் சிரித்தார். பிறகு அசந்துபோனார். ஏனென்றால் நம் அக்காவுக்கு நேரில் 'இல்லை' என்ற சொல்லே வராது. யார் வந்து எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய் அழுகிற ரகம். அப்பேர்ப்பட்டவள் மர நாற்காலியில் உட்கார்ந்தால் வேறு ஆளாகிவிடுவாள். அக்காவாகக் கேட்க வெட்கப்பட்ட பாக்கியை அக்கவுண்ட்ஸாக வாய் கூசாமல் கேட்டாள். குரலும் தானாக மாறிற்று. கேட்டவர்கள் நிஜமாகவே நாலு பேர் என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

தம்பிகூட அடங்கிவிட்டான். அக்கா, "சாப்பிட வாடா" என்றால், "இரு வரேன்" என்று சாயங்காலம் வரை இழுப்பான். அவளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "சார், ஹெச்.ஆர். பேசறேன், உணவு இடைவேளை" என்றால், "இதோ போறேங்க" என்று எழுந்துவிடுவான். அவளுக்கே அது ஆச்சரியம்தான்.

வேலை ஒழுங்குக்கு வந்தது. ரப்பர் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போனார். அவருடைய குழந்தைகளுக்கு அவர் முகம் பழகிற்று.

ஆனாலும் ஒரு கவலை இருந்தது. முன்பு தம்பி பார்த்துக் கொடுக்கச் சொன்ன காலத்தில் விழுந்த பள்ளம் லேசில் தூரவில்லை. ஒரு பெரிய கம்பெனி அவனைச் சம்பளத்துக்குக் கூப்பிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். அதற்குள் இந்தக் கிளினிக் வேலைக்கு முழு ஒப்பந்தம் கையெழுத்தானால் ஆஃபீஸ் பிழைக்கும். இல்லாவிட்டால் பூட்டுத்தான். ரப்பர் இந்த வயதில் வேலை தேட வேண்டும். தம்பி எங்கேயோ ஒரு பெரிய கட்டடத்தின் ஏழாவது மாடிக் கழிப்பறையை வரைந்துகொண்டிருப்பான்.

புதன்கிழமை காலை கிளினிக் கம்பெனியின் லீகல் டிபார்ட்மெண்டிலிருந்து போன் வந்தது. லீகல் மேடம் மெல்லிய குரல், நிதானமான பேச்சு. அக்காவுக்கு அவளைப் பிடிக்கும். பர்சேஸ் அம்மாள் கத்திய நாட்களில் ஹெச்.ஆர். குரலில் லீகலிடம்தான் முறையிடுவாள். "அந்தம்மா எங்களையும் அப்படித்தாங்க படுத்தும். மனசுல வெச்சுக்காதீங்க" என்று லீகல் ஆறுதல் சொல்வாள். அதைக் கேட்டால் அரைக் கோப்பை டீ குடித்தமாதிரி இருக்கும்.

"ஒரு நல்ல செய்திங்க. வெள்ளிக்கிழமை எங்க சேர்மன், போர்டு மெம்பர்ஸ் எல்லாரும் உங்க ஆஃபீஸுக்கே வந்து கையெழுத்துப் போடறதா இருக்காங்க. உங்க காண்ட்ராக்ட்ஸ் சாரை முக்கியமாப் பாக்கணுமாம். அவர் மேல சேர்மனுக்கு அவ்வளவு மரியாதை."

அக்கா மர நாற்காலியைப் பார்த்தாள். "அவர் லீவுங்களே" என்றாள்.

"அப்படியா? அப்ப அவர் வந்தப்புறமே வரோம். அடுத்த மாசம்கூடப் பரவாயில்லை."

"ஐயையோ, வேண்டாம் வேண்டாம்! வெள்ளிக்கிழமை காலையில வந்துருவாரு!"

வாயிலிருந்து போன வார்த்தை போனதுதான். அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் அப்படியே சரிந்தாள்.

"உண்மையைச் சொல்லிடலாம்கா. நாம மூணே பேருன்னு" என்றான் தம்பி.

"சொன்னா கையெழுத்துப் போடுவாங்களாடா? 'பெரிய ஆஃபீஸுன்னு நம்பித்தான் குடுக்கறோம்'னு அந்த சேர்மன் எத்தனை தடவை சொல்லியிருக்காரு! நீ சும்மா இரு. எனக்கு ஒரு ஆள் வேணும், ஆம்பிளை ஆள். பார்த்தாலே 'முடியாது'ன்னு சொல்ற மூஞ்சி."

அப்படி ஒரு மூஞ்சி அவள் வீட்டிலேயே இருந்தது. அவள் கணவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். தோள் இரண்டும் கதவை அடைக்கும். மீசை அதற்குமேல். தெருவில் நடந்தால் நாய்கள் ஓரமாகப் போகும். குணம் மட்டும் வெண்ணெய். பையன்கள் மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னால் வெயிலில்கூட விளையாட்டு வகுப்பை ரத்துசெய்கிற மனிதர்.

"நான் என்ன பேசணும்?" என்றார்.

"எதையும் பேசாதீங்க. 'யோசிச்சுச் சொல்றேன்'னு மட்டும் சொல்லுங்க. எதைக் கேட்டாலும் அது ஒண்ணுதான்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் வாத்தியார், மீசையைத் தடவிக்கொண்டு. பிரமாதமாகத்தான் இருந்தது.

அடுத்த தொல்லை இடம். ஆஃபீஸ் ஒரே ஹால். அதில் நாலு டிபார்ட்மெண்டை எங்கே காட்டுவது? ரப்பர் அட்டையில் அழகாக எழுத்து வெட்டி, சாமான் போடும் அறைக் கதவில் 'காண்ட்ராக்ட்ஸ்' என்று ஒட்டினார். இன்னும் ஒரு கதவு இருந்தது. அதில் 'ஆவண அறை' என்று ஒட்டினார்.

"யோவ், அது பாத்ரூம்!" என்றான் தம்பி.

"யாரு சார் திறந்து பாக்கப்போறாங்க?"

வெள்ளிக்கிழமை வேனிலிருந்து கிளினிக் கம்பெனி இறங்கிற்று. சேர்மன் பளபளப்பான மனிதர். சட்டை, மண்டை, மூக்குக் கண்ணாடி எல்லாம் பளபளத்தன. பின்னால் போர்டு மெம்பர்கள், மூன்று முதியவர்கள். எல்லாருக்கும் பின்னால் கனத்த பையைச் சுமந்துகொண்டு ஒரு செக்ரட்டரிப் பெண். அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. சேர்மன் கை நீட்டுவதற்கு முன்னாலேயே வேண்டிய காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்து வைத்தவள், இவளுக்கு ஒரு பையைத் தூக்கினால் போதும் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

"பர்சேஸ் மேடம் வரலைங்களா?" என்று கேட்டாள்.

சேர்மன் இருமினார். "அவங்களுக்கு அங்க தலைக்கு மேல வேலை."

"லீகல் மேடம்?"

"அவங்களுக்கும்தான்."

வாத்தியாரை எல்லாரும் பயபக்தியோடு பார்த்தார்கள். அவர் மர நாற்காலியில், நாற்காலி தெரியாத அளவுக்கு உட்கார்ந்திருந்தார்.

"உங்க பேரைக் கேட்டாலே எங்க ஆளுங்க நடுங்கறாங்க சார்" என்றார் சேர்மன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் வாத்தியார்.

அக்கா அவசரமாக டீயும் பிஸ்கட்டும் வைத்தாள். போர்டு மெம்பர்களில் மூத்தவர் மெதுவாக எழுந்து ரப்பரிடம், "பாத்ரூம் எங்க தம்பி?" என்றார்.

ரப்பருக்கு முழி பிதுங்கியது. "ஆவண அறை... அதுவழியாப் போகணும் ஐயா" என்று கதவைக் காட்டிவிட்டார். பெரியவர் உள்ளே போனார். நேரம் ஆயிற்று. சேர்மன் திரும்பிப் பார்த்து, "எங்க சீனியர் மெம்பர் எங்க?" என்றார்.

"ஆவணம் பாக்கறாருங்க" என்றார் ரப்பர்.

"பாத்தீங்களா, எவ்வளவு பொறுப்பு!" என்றார் சேர்மன். உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பிறகு சேர்மன் ஒப்பந்தத்தை விரித்தார். "ஒரே ஒரு வேண்டுகோள் சார். கட்டட வேலை ஆரம்பிச்சப்புறமும் எங்களுக்கு ஒரு மூணு தடவை இலவசமா மாத்திக் குடுக்கணும். நாங்க சின்னதா ஆரம்பிச்சு வளர்ந்த கம்பெனி. உங்க பெரிய மனசைத்தான் நம்பியிருக்கோம்."

இந்த 'நம்பியிருக்கோம்' என்ற வார்த்தை வாத்தியாருக்கு ஆகாது. பையன்கள் அதைச் சொல்லித்தான் மைதானத்தையே வாங்குவார்கள். அவர் மீசை தளர்ந்தது.

"அட, மூணு என்னங்க? ஆறா வெச்சுக்கங்க!"

அக்கா மேஜைக்கடியில் ஒரு உதை விட்டாள். சேர்மன், "அம்மா!" என்று காலைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சார், கால்ல வலியா?" என்று உருகிப்போனார் வாத்தியார். "வயசாச்சுன்னா அப்படித்தான். அப்ப அந்த ஃபீஸையும் கொஞ்சம் குறைச்சுக்கலாம்."

தம்பி செருப்பைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். "பரவாயில்லை, மாத்திடலாம்" என்று அவன் உதடு முணுமுணுத்தது. இத்தனை மாதம் நாலு நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக் குரலை வளைத்துக் காப்பாற்றியதெல்லாம் ஒரு தட்டு பிஸ்கட் தீர்வதற்குள் கரைந்துகொண்டிருந்தது. அக்காவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஒரு நிமிஷம், இன்னும் டீ கொண்டு வரேன்" என்று எழுந்தாள். எழுந்தவள் நேரே 'காண்ட்ராக்ட்ஸ்' அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினாள். சுருட்டி வைத்த படங்களுக்கும் உடைந்த மின்விசிறிக்கும் நடுவில் நின்று, தன் செல்போனிலிருந்து ஆஃபீஸ் போனுக்கு அடித்தாள்.

மணி அடித்தது. தம்பி பழக்க தோஷத்தில் ஸ்பீக்கரைத் தட்டினான். போன் வந்தால் கை வரைந்துகொண்டே இருக்கட்டும், ஸ்பீக்கரில் போடு என்று ஹெச்.ஆர். சொல்லியிருந்தது.

"காண்ட்ராக்ட்ஸ் பேசறேன்!" ஹால் முழுக்க பீரோ நகர்ந்தது. "ஆறு மாற்றம், ஃபீஸ் குறைப்பு, எதுவும் கிடையாது. ரெண்டு மாற்றம், அதுக்கு மேல தனிக் கட்டணம். சம்மதம்னா கையெழுத்து, இல்லேன்னா டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பலாம்!"

எல்லாருடைய தலையும் மர நாற்காலியில் இருந்த காண்ட்ராக்ட்ஸ் பக்கம் திரும்பிற்று. அவர் வாயில் முழு பிஸ்கட் ஒன்று இருந்தது. அவர் பாவம், கல்யாணமான நாளிலிருந்து மனைவி சொன்னதற்குத் தலையாட்டிப் பழகினவர். திருதிருவென்று முழித்து, போனைப் பார்த்து, "சரிம்மா" என்றார்.

போதாக்குறைக்குக் குரல் போனில் ஒரு தடவையும் அட்டை ஒட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு தடவையுமாக வந்திருந்தது. சேர்மன் எழுந்தார். "உள்ள யாருங்க?"

அக்காவே கதவைத் திறந்துகொண்டு வந்தாள். தலையில் ஒட்டடை. கையில் கைக்குட்டை.

"நான்தாங்க" என்றாள், சொந்தக் குரலில். "காண்ட்ராக்ட்ஸ் நான்தான். அக்கவுண்ட்ஸ், ஹெச்.ஆர்., மார்க்கெட்டிங், எல்லாம் நான் ஒருத்திதான். இவர் என் வீட்டுக்காரர். பிள்ளைங்களுக்கு விளையாட்டுச் சொல்லிக் குடுக்கறவரு. இவருக்கு ஒண்ணும் தெரியாது. ஏமாத்தணும்னு ஆரம்பிக்கலைங்க. எனக்கு நேர்ல முடியாதுன்னு சொல்ல வராது. அந்த நாற்காலியில உக்காந்தா வருது. அவ்வளவுதான்."

அப்போதுதான் நடக்காதது ஒன்று நடந்தது. செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்தான்.

"சார், அவங்க எங்க அக்கா" என்றான். "எனக்குக் கட்டடம் வரையத் தெரியும். வேற எழவு ஒண்ணும் தெரியாது. இந்த ஆஃபீஸை மூடாம வெச்சிருக்கறது இவங்கதான். உங்க ஆளுங்க நடுங்கினாங்கன்னு சொன்னீங்களே, இவங்களைப் பாத்துத்தான் நடுங்கினாங்க. எனக்கு அதுல ரொம்பப் பெருமை சார். உங்களுக்குப் பெரிய ஆஃபீஸ்தான் வேணும்னா நாளைக்கு நானே ஒண்ணுல சேரப்போறேன், அங்க வாங்க. ஆனா இந்த மாதிரி டிபார்ட்மெண்ட் அங்க கிடைக்காது. இங்கதான்னா ரெண்டு மாற்றம். சொன்ன ஃபீஸ். அதுதான்."

ரப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாத்தியார் கைதட்டவே ஆரம்பித்துவிட்டார். யாரும் சேர்ந்துகொள்ளாததால் நிறுத்திக்கொண்டார். அக்காவோ தம்பியை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் எந்த நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கவில்லை.

சேர்மனுக்குக் கோபம் வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. பளபளப்பெல்லாம் வடிந்து, கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி வெளிறிப்போய் நின்றார்.

"நாலும்... ஒருத்தரேவா?" என்றார்.

"ஆமாங்க."

"இதை நான் எங்க லீகல்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்."

செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். செக்ரட்டரிப் பெண்ணும் பையோடு பின்னால் போனாள். ஜன்னல் வழியாக அவர் தலையாட்டுவது மட்டும் தெரிந்தது. முதலில் மெதுவாக ஆட்டினார். பிறகு வேகமாக ஆட்டினார்.

அந்தச் சமயத்தில் ஆவண அறையிலிருந்து மூத்த மெம்பர் வெளியே வந்து, "ரொம்பச் சுத்தமா வெச்சிருக்கீங்க" என்றார். அந்த நிலைமையிலும் ரப்பருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சேர்மன் திரும்பி வந்தார். உட்காரக்கூட இல்லை. பேனாவை எடுத்தார்.

"லீகல் சம்மதிச்சிட்டாங்க. ரெண்டு மாற்றம். ஃபீஸும் நீங்க சொன்னதுதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அக்காவுக்கு எதுவும் விளங்கவில்லை. கையெழுத்து காய்வதற்குள் மறுபடி ஒருதரம் பார்த்தாள். நிஜமான கையெழுத்துத்தான். தம்பி வெளியே போய் அந்தப் பெரிய கம்பெனிக்குப் போன் செய்து, "மன்னிக்கணும், வர முடியாதுங்க" என்று சொன்னது உள்ளே கேட்டது. முடியாது என்ற வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்டது அன்றுதான் முதல் தடவை. தலையில் ஒட்டடையோடு, அக்கா அங்கேயே உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள்.

சேர்மன் போர்டு மெம்பர்களை ஒவ்வொருவராகக் கைப்பிடித்து வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். செக்ரட்டரிப் பெண் மட்டும் ஹாலிலேயே நின்றாள். நாலு நாற்காலிகளையும் ஒன்றொன்றாகப் பார்த்தாள். மர நாற்காலியின் முதுகை மெதுவாகத் தடவிப்பார்த்தாள். பிறகு அக்காவிடம் வந்து, அன்றைக்கு முதன்முதலாக வாயைத் திறந்தாள். மெல்லிய குரல், நிதானமான பேச்சு.

"அக்கா, ஒப்பந்த விஷயமா எங்க லீகலோட பேசணும்னா மத்தியானத்துக்கு மேல கூப்பிடுங்க, காலையில நான் பர்சேஸ்ல உக்காந்து கத்திக்கிட்டு இருப்பேன்."